ஒரு சாக்கு செத்த சக்கரம்: கோத்தகிரிப் பக்கத்து டீ ஃபேக்டரியில் கேஸ்டர் மாற்றிய கதை

ஜனவரியில் உறைபனி விழத் தொடங்கினால் இலை வரத்து படுத்துவிடும். எங்கள் ஃபேக்டரி கோத்தகிரிக்குப் பக்கத்தில், மலைச்சரிவை வெட்டிப் படிப்படியாகக் கட்டியது. சுற்றியுள்ள ஹட்டிகளின் (படகர் ஊர்களின்) சிறு விவசாயிகள் பறித்துத் தரும் பச்சை இலையை நம்பித்தான் ஓடுகிறது. ஏப்ரல், மேயில் ராத்திரி பகலாக ஓடுகிற மில், பனிக்காலத்தில் வாரத்துக்கு மூன்று நாள் ஓடினால் பெரிது. மெயின்டனன்ஸ் பார்க்கிற எனக்கு அதுதான் சீசன்.

போன ஜனவரியில் பட்டறையை ஒழித்தபோது மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கு வந்தது. உள்ளே முழுக்க டிராலியிலிருந்து கழற்றிப் போட்ட சக்கரங்கள், கடையில் கேஸ்டர் என்பார்களே, அவை. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்று ஃபிட்டர் தம்பி தூக்கினான். "இருடா, கொட்டு, பாப்போம்" என்றேன். கோணியை விரித்துக் கொட்டினோம். எண்ணிப் பார்த்தால் 41. இரண்டு வருடக் கணக்கு. எங்களிடம் ஈரப் பக்கத்தில் 14 டிராலி, உலர்ந்த பக்கத்தில் 6, ஆக மொத்தமே 80 சக்கரம்தான் ஓடுகிறது. அதில் பாதி இரண்டு வருடத்தில் செத்திருக்கிறது.

அதுவரை நாங்கள் செய்துவந்தது எளிது. சக்கரம் போனால் கோயம்புத்தூருக்கு ஃபோன் போடுவோம், "அதே மாதிரி, கொஞ்சம் ஸ்ட்ராங்கா குடுங்க" என்போம். முதலில் 100 கிலோ தாங்கும் என்று எழுதிய 100 மில்லிமீட்டர் பி.யூ. (பாலியூரித்தேன்) வீல். அது போனதும் அதே அளவில் 150 கிலோ என்று எழுதியது. விலை கூடியது. ஆயுள் ஒரு மாதம்கூடக் கூடவில்லை.

கோணிமேல் பிரேதப் பரிசோதனை

41 சக்கரத்தையும் துடைத்து, எது எப்படிச் செத்தது என்று பிரித்து அடுக்கினோம். இந்த வேலைக்கு அரை நாள் ஆனது. மொத்தக் கதையிலும் உருப்படியான அரை நாள் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

17 சக்கரத்தில் மேலே இருக்கும் பி.யூ. உறை உதிர்ந்திருந்தது. தேய்ந்து அல்ல, உதிர்ந்து. விரலால் அழுத்தினால் பழைய வெல்லக்கட்டி மாதிரிப் பொடிந்தது. சிலதில் பிசுபிசுவென்று ஒட்டியது. 13 சக்கரத்துக்கு உருளை நன்றாகவே இருந்தது, தலைதான் போயிருந்தது. அதாவது சுத்துற வீலில் மேல் தகட்டுக்கும், உருளையை இரண்டு பக்கமும் பிடிக்கும் கவட்டுக்கும் நடுவே இருக்கும் குண்டுப் பாதையும், இரண்டையும் பிடித்திருக்கும் கிங்பின்னும். 9 சக்கரத்தில் அச்சைச் சுற்றி நார் சுற்றி, பேரிங் இறுகி, உருளாமல் இழுபட்டு ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. மீதி இரண்டு எப்படிப் போனது என்று தெரியவில்லை. ஒன்றை யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது.

உதிர்ந்த 17-ம் ஈரப் பக்கத்தவை. தலை போன 13-ல் 11 ஈரப் பக்கம். நார் சுற்றிய 9-ம் உலர்ந்த பக்கம், இலையை உலர்த்தும் ட்ரையருக்கும் சலித்துத் தரம் பிரிக்கும் சிஃப்டிங்குக்கும் நடுவே ஓடியவை. நாங்கள் இரண்டு வருடமாக 'சக்கரம் போயிடுச்சு' என்று ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருந்தது மூன்று வெவ்வேறு வியாதி. மூன்றுக்கும் ஒரே மருந்தைத்தான் இரட்டை டோஸ் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

டீ ஃபேக்டரி பார்க்காதவர்களுக்கு வழித்தடத்தைச் சொல்லிவிடுகிறேன். மாடியில் வாட்டுத் தொட்டியில் இலை வாடும். 80 சதவீதத்தை ஒட்டிய ஈரம் 70-ஐ ஒட்டி வந்ததும் கீழே சி.டி.சி. உருளைகளுக்கு இறங்கும். அங்கே நசுங்கி, கிழிந்து, சுருண்டு வருவதைத் தூள் என்போம். பெயர்தான் தூள், கையில் அள்ளினால் ஈரப் புண்ணாக்கு மாதிரி இருக்கும். அந்தத் தூளைத்தான் டிராலியில் ஏந்தி ஃபெர்மென்டிங் ரூமுக்குத் தள்ளுவோம். ஒரு மணி நேரத்தைச் சுற்றி அங்கே நின்று பச்சை செம்பாகும். அப்புறம் ட்ரையர். ட்ரையரை விட்டு வெளியே வந்தால் ஈரம் மூன்று சதவீதத்தைச் சுற்றித்தான். ஆக, ஒரே கூரைக்கு அடியில் ஒரு பக்கம் எப்போதும் சொட்டச் சொட்ட ஈரம், மறுபக்கம் வாய் உலரும் தூசி.

எடையைக் குறை சொல்ல முடியவில்லை

முதலில் எடைக் கணக்கைப் போட்டோம். ஈரப் பக்க டிராலி வெறுமனே 60 கிலோ. தூள் ரொப்பினால் 180. ஆக 240. நான்கு சக்கரத்துக்கு 60 என்று வகுக்கக்கூடாது. சிமென்ட் தரை எங்கேயும் சமமாக இருக்காது, நான்கு கால் மேஜை ஆடுவது போலத்தான் டிராலியும் எந்த நேரமும் மூன்றில்தான் நிற்கிறது. எனவே மூன்றால் வகுக்க வேண்டும்: 80 கிலோ. பழைய சக்கரத்தில் எழுதியிருந்தது 100. பாஸ்!

இங்கேதான் நான் கொஞ்சம் திகைத்தேன். சக்கரம் எடை தாங்காமல் போகிறது என்றுதான் முதலாளியிடம் இரண்டு வருடமாகச் சொல்லிவந்தேன். கணக்கு என்னைக் காட்டிக்கொடுத்தது.

கேட்டலாக்கில் போட்டிருக்கும் அந்த 100 கிலோ எந்த நிலையில் என்று பார்த்தபோது கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. தொழிற்சாலை கேஸ்டருக்கு ஐ.எஸ்.ஓ. 22883 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அது பேசுவது மணிக்கு 4 கிலோமீட்டர் வரையான வேகத்தை. அதாவது ஆள் நிதானமாக நடந்து தள்ளும் வேகம். எங்கள் ஆட்கள் நிதானமாக நடக்கிறார்களா என்று போய்ப் பார்க்கத் தோன்றியது. பிப்ரவரியில் மில் ஓடிய ஒரு நாள், காப்பித் தம்ளரோடு சி.டி.சி. பக்கம் போய் நின்றுகொண்டேன்.

வடிகாலும் அந்த 'டங்' சத்தமும்

சி.டி.சி. ஹாலுக்கும் ஃபெர்மென்டிங் ரூமுக்கும் நடுவே தரையில் ஒரு வடிகால் போகிறது. கழுவின தண்ணீர் போக. மேலே கம்பிச் சட்டம், இரண்டு விளிம்பிலும் இரும்பு ஆங்கிள். சிமென்ட் தேய்ந்து தேய்ந்து ஆங்கிள் மட்டும் தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. அளந்தேன், 10 மில்லிமீட்டர். சுண்டுவிரல் கனம்கூட இல்லை. அத்தனை வருடம் அதைத் தாண்டி நடந்திருக்கிறேன், கண்ணில் பட்டதில்லை.

ஆனால் டிராலி தள்ளும் அக்காவுக்கு அது தெரியும். வடிகாலுக்கு ஐந்தாறு அடி முன்னாலேயே உடம்பை முன்னால் சாய்த்து, நாலு எட்டு ஓடி, வேகத்தோடு ஏற்றினார். 'டங்' என்று ஒரு சத்தம். முன் சக்கரம் இரண்டும் துள்ளி ஏறி இறங்கின. அப்புறம் பின் சக்கரம், இன்னொரு 'டங்'. இந்தச் சத்தம் என் ஆபீஸ் ரூமில் நாள் முழுக்கக் கேட்கும். மில் சத்தத்தில் அதுவும் ஒன்று என்று விட்டிருந்தேன்.

"ஏக்கா, மெதுவா தள்ளக்கூடாதா? வீலு போகுதில்ல?" என்று கேட்டேன்.

"மெதுவா தள்ளுனா ஏறாது சார். நீங்க தள்ளிப் பாருங்க."

தள்ளிப் பார்த்தேன். ஏறவில்லை. பக்கத்தில் இருந்த இருவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள், நல்ல மரியாதை.

பட்டறைக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு சக்கரம் ஒரு படியை ஏற, அச்சின் உயரத்தில் எவ்வளவு தள்ள வேண்டும் என்பது பள்ளிக்கூட பௌதிகம்தான். ஆரமும் படி உயரமும் தெரிந்தால் போதும். 100 மில்லிமீட்டர் சக்கரம் 10 மில்லிமீட்டர் படியை ஏற, தன் மேல் உள்ள எடையில் முக்கால் பங்கு விசை வேண்டும். முன் இரண்டு சக்கரத்தில் 120 கிலோ உட்கார்ந்திருக்கிறது. ஆக 90 கிலோ அளவுக்குத் தள்ள வேண்டும். அந்த அக்காவே ஐம்பது கிலோ இருந்தால் அதிகம். ஓடாமல் அவர் எப்படி ஏற்றுவார்?

கணக்கு சரியா என்று பார்க்க இலை எடை போடும் தொங்கு தராசை எடுத்துவந்தோம். கொக்கியை டிராலியில் மாட்டி மெதுவாக இழுத்தோம். 80-ஐத் தாண்டியும் சக்கரம் ஏறவில்லை, கொக்கி நிமிர்ந்துவிடுமோ என்று நிறுத்திவிட்டோம். தராசு கணக்குப்பிள்ளையுடையது.

தலை போன சக்கரங்களை மறுபடி எடுத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. குண்டுகள் ஓடும் பாதையில், வட்டத்தின் ஒரு பக்கம் மட்டும், குண்டு குண்டாகப் பள்ளம். அம்மிக் கல்லில் பொளி கொத்தின மாதிரி. ஒவ்வொரு 'டங்'குக்கும் குண்டுகள் தகட்டில் முத்திரை குத்தியிருக்கின்றன. பள்ளம் விழுந்ததும் சக்கரம் சுழலும்போது அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், திருப்ப முரண்டு பிடிக்கும். திருப்ப முரண்டு பிடித்தால் ஆட்கள் கைப்பிடியை வெடுக்கென்று இழுப்பார்கள். அது நேராகக் கிங்பின்னில் போய் விழும். நட்டு தளரும், தலை ஆடும், ஒரு நாள் கவடு கழன்று கையோடு வரும். இதில் 150 கிலோ என்று எழுதிய சக்கரம் வாங்கி என்ன பயன்? உருளையைத்தான் கனமாக்கியிருந்தார்கள். தலை அதே தலை.

சக்கரத்தைப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று அதே கணக்கைப் போட்டேன். 150 மில்லிமீட்டர் என்றால் 90 கிலோ 69 ஆகிறது. 200 என்றால் 58. குறைகிறது, ஆனாலும் ஓடித்தான் ஏற்ற வேண்டும். படியை 3 மில்லிமீட்டராக்கினால்? 150 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு 35 கிலோதான். படியே இல்லாமல் சரிவாக்கிவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

ஆக நல்ல சக்கரம் தேடிக் கிளம்பிய நான் முதலில் வாங்கியது சிமென்டும் ஒரு நீளத் தகடும். ஆங்கிளைக் கிரைண்டரால் சீவி, இரண்டு பக்கமும் ஓர் அடி நீளத்துக்குச் சிமென்டைச் சரித்து, விளிம்பில் பட்டை வைத்து வெல்டிங் செய்தோம். இரண்டு நாள் வேலை. மொத்தச் செலவு நான்கு டிராலிக்குச் சக்கரம் மாற்றும் காசுகூட வரவில்லை. இதை முதலாளியிடம் சொல்லும்போது கொஞ்சம் குரல் தாழ்ந்துதான் போனது.

உதிர்ந்த பி.யூ.: ஹீட்டர் மேல் வைத்த பாட்டில்கள்

அடுத்தது அந்த வெல்லக்கட்டி வியாதி. பி.யூ. என்று கடையில் ஒரே பெயரில் விற்பது உண்மையில் இரண்டு சாதி. பாலியெஸ்டர் வகை ஒன்று, பாலியீதர் வகை ஒன்று. பாலியெஸ்டர் வகை தேய்மானத்துக்கும் வெட்டுக்கும் எண்ணெய்க்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் தண்ணீரே அதன் கட்டமைப்பை அறுக்கும். அறுபடும் இடத்தில் அமிலம் உண்டாகும், அந்த அமிலம் மேலும் அறுக்கும். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, அப்புறம் சரசரவென்று போய்விடும். பாலியீதர் வகைக்கு இந்தத் தொல்லை கிடையாது.

எங்கள் ஃபெர்மென்டிங் ரூமில் காற்றின் ஈரப்பதம் 90-க்கு மேல் இருக்கும்படி புகைமூட்டம் மாதிரி நீர் தெளிக்கிறோம். ஷிஃப்ட் முடிந்ததும் டிராலியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். இலைச்சாறு ஏற்கெனவே கொஞ்சம் புளிப்பு. பாலியெஸ்டர் வகைக்கு இதைவிட ஒரு நரகத்தை யோசித்துக் கட்ட முடியாது.

சரி, பாலியீதர் கொடுங்கள் என்று கேட்டால் ஆயிற்றா? ஃபோனில் கேட்ட இரண்டு மூன்று கடையில், "சார், பி.யூ. பி.யூ.தான்" என்றார்கள். ஒருவர் மட்டும் கம்பெனித் தாளை அனுப்பிவைத்தார், எந்த வகை என்று அதில் எழுத்தில் இருந்தது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எனவே அவர் கொடுத்த மாதிரிச் சக்கரத்திலிருந்து ஒரு சீவல், பழைய ஸ்டாக்கில் கிடந்த புதுச் சக்கரத்திலிருந்து ஒரு சீவல், ரப்பர் வீலிலிருந்து ஒரு சீவல் என்று மூன்றையும் மூன்று ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, ட்ரையருக்குச் சூடு கொடுக்கும் ஹீட்டரின் மேல் விளிம்பில் வைத்தேன். கை வைத்தால் உடனே எடுத்துவிடும் சூடு அங்கே இருக்கும். டீமேக்கர் தினமும் அதைப் பார்த்துவிட்டு, "ஊறுகா ரெடியா?" என்று கேட்பார்.

நான்கு வாரம் கழித்து எடுத்தோம். பழைய வகைச் சீவலில் நகம் வைத்தால் பள்ளம் விழுந்தது. ஓரத்தைக் கிள்ளினால் துணுக்கு கையோடு வந்தது. தண்ணீர் மங்கலாகியிருந்தது. மாதிரிச் சீவல் போட்டபடி இருந்தது, வளைத்தால் வெடுக்கென்று நிமிர்ந்தது. ரப்பரும் நன்றாகவே இருந்தது, தண்ணீரில் மட்டும் லேசாகச் சாயம். லேப் வைத்துச் சோதிப்பவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். எனக்கு வேண்டியது எது நிற்கும் எது நிற்காது என்பதுதான், அதற்கு ஊறுகாய் பாட்டில் போதும்.

ரப்பரா, பாலியீதரா என்பதற்கு ஓட்டிப் பார்த்தோம். இதில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒரே டிராலியில் இடப்பக்கம் ரப்பர், வலப்பக்கம் பி.யூ. மாட்டிவிட்டேன், ஒரே நிலைமையில் ஒப்பிடலாமே என்று. வண்டி இடப்பக்கமாகவே இழுத்தது. ரப்பர் உருள அதிக விசை கேட்கும், பி.யூ. குறைவாகக் கேட்கும், வண்டி திரும்பாமல் என்ன செய்யும்? அரை நாளில் அக்காமார் அதற்குக் 'குடிகார வண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்புறம் தனித்தனி டிராலியில் மாட்டி அதே தொங்கு தராசால் இழுத்தோம். 240 கிலோவைச் சமதரையில் நகர்த்த பழைய நூறு மில்லிமீட்டர் சக்கரத்துக்கு 11 கிலோ, ரப்பருக்கு 9, பாலியீதருக்கு 6. ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று யோசித்தால் அந்த 3 கிலோ சின்ன வித்தியாசம் அல்ல. வடிகால் அதிர்ச்சி அப்படியே இருந்திருந்தால் ரப்பரைத்தான் எடுத்திருப்பேன்.

கவட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழைய கவடுகள் ஜிங்க் பூச்சு. ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் பூச்சு போய்த் துரு இறங்கும். டீ ஃபேக்டரியில் துரு வெறும் துருவாக இருக்காது. இலைச்சாற்றின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறை. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே வேலைதான். டிராலி நிற்கும் இடமெல்லாம் நாலு மைச் சொட்டு. தேயிலையில் இரும்புத் துகளுக்கு உணவுப் பாதுகாப்பு விதியில் உச்சவரம்பு இருக்கிறது, அதற்காகத்தான் காந்தம் போட்டு வாரி எடுக்கிறோம். அப்படியிருக்கும்போது தூளுக்கு அடியிலேயே துருவை உருட்டிக்கொண்டு திரிவது நியாயமில்லை. எனவே ஈரப் பக்கத்துக்கு 304 ஸ்டெயின்லெஸ் கவடு.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 304 இரும்பைப் பதம் போட்டுக் கடினமாக்க முடியாது. குண்டுப் பாதை மென்மையாகத்தான் இருக்கும், அதே அளவு ஜிங்க் கேஸ்டரைவிடத் தாங்கும் எடை குறைவு. 80 கிலோவை அதிர்ச்சிக்காக ஒன்றரை மடங்காக்கினால் 120 வேண்டும். 150 கிலோ என்று எழுதியதை எடுத்தோம். வடிகாலைச் சரிசெய்யாமல் இந்தச் சக்கரத்தை மாட்டியிருந்தால் ஆறு மாதத்தில் இதுவும் சாக்குக்குள் போயிருக்கும், இரண்டரை மடங்கு விலையோடு.

200 மில்லிமீட்டர் எடுக்க ஆசைதான். ஆனால் டிராலி, சி.டி.சி. கன்வேயர் தூளைக் கொட்டும் வாய்க்கு அடியில் போய் நிற்க வேண்டும். இடைவெளி 40 மில்லிமீட்டர்தான். 150 மில்லிமீட்டர் சக்கரம் போட்டாலே டிராலி 55 மில்லிமீட்டர் உயர்கிறது. டிராலியின் காலை அறுத்துக் குட்டையாக்கினோம். அதற்கு மேல் போனால் உயரம் குறைந்த அக்காமார் தூளை எட்டிக் கிளற முடியாது. கேட்டலாக்கில் உருளை விட்டம் பெரிதாக எழுதியிருக்கும், மொத்த உயரம் கடைசி வரிசையில் ஒளிந்திருக்கும். முதலில் அதைப் படிப்பது நல்லது.

ஏற்றத்தில் நான் பண்ணின தப்பு

உலர்ந்த பக்கத்தில் கதை வேறு. பேக்கிங் ஹாலிலிருந்து குடோனுக்கு ஒரு சாய்தளம் இருக்கிறது, 12-க்கு 1. மலைச்சரிவில் கட்டின ஃபேக்டரி, ஒவ்வொரு ஹாலும் ஒவ்வொரு மட்டம். 12-க்கு 1 என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஓட ஆரம்பித்த மலை ரயில், கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறதே, அந்த ஏற்றமும் ஏறக்குறைய இதே கணக்குதான். ரயிலுக்குப் பல் இருக்கிறது. எங்கள் ஆளுக்கு ரப்பர் செருப்பு.

பத்து மூட்டை, மூட்டைக்கு 35 கிலோ, டிராலி 50. ஆக 400 கிலோ. ஏற்றத்தில் உருளாமல் பிடித்துக்கொள்ளவே 33 கிலோ விசை வேண்டும். பழைய டிராலியில் திரும்பாத ஃபிக்ஸ் வீல் இரண்டு, சுத்துற வீல் இரண்டு. பேக்கிங் மேஜைகளுக்கு நடுவே திருப்புவது கஷ்டமாக இருக்கிறது என்று ஆட்கள் முறையிட்டதால், இதோ தீர்த்துவைக்கிறேன் என்று நான்கையும் சுத்துற வீலாக மாற்றினேன். மேஜைகளுக்கு நடுவே வண்டி நடனம் ஆடியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

முதல் நடை சாய்தளத்தில் ஏறும்போது நானே பக்கத்தில் நின்றேன். பாதி ஏறினதும் வண்டியின் வால் மெல்ல பக்கவாட்டில் இறங்க ஆரம்பித்தது. தள்ளியவர்கள் நேராகத்தான் தள்ளினார்கள். ஆனால் நேர் எது என்று வண்டிக்குச் சொல்ல அதில் ஒரு சக்கரமும் இல்லை. "விட்டுட்டு விலகுங்கப்பா" என்று கத்தினேன். விலகினார்கள். வண்டி அரைவட்டம் அடித்துத் தூணில் மோதி நின்றது. ஒரு மூட்டை கிழிந்து தேயிலை சாய்தளம் பூராவும் கொட்டியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அன்று ராத்திரி எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மறுநாளே பழையபடி மாற்றினோம்: முன்னால் இரண்டு ஃபிக்ஸ், கைப்பிடிப் பக்கம் இரண்டு சுத்துறது. சுத்துற இரண்டிலும் உருளையையும் தலையையும் சேர்த்துப் பூட்டும் பிரேக். உருளையை மட்டும் பூட்டும் சாதா பிரேக் போட்டால், வண்டி தலையில் திரும்பிக் கொஞ்சம் நகர்ந்துவிடும். எந்தப் பிரேக்கும் நிறுத்திவைக்கத்தான், இறக்கத்தில் வேகம் குறைக்க அல்ல என்று ஆட்களிடம் சொல்லி, இறக்கும்போது ஒருவர் கீழ்ப்பக்கம் நிற்கும் பழக்கத்தையும் ஒழித்தோம். இப்போது கயிறு கட்டி மேலிருந்து விடுகிறார்கள், மூட்டையும் ஆறுதான். திருப்பக் கஷ்டம் என்ற முறையீட்டுக்கு ஒரு மேஜையை ஒன்றரை அடி நகர்த்தினோம், அது தீர்ந்தது.

இந்த டிராலிகளுக்குக் கிங்பின்னே இல்லாத வகையை எடுத்தோம். அகலமான குண்டுப் பாதையே தகட்டையும் கவட்டையும் பிடித்துக்கொள்ளும், தளர நட்டு கிடையாது. 400-ஐ மூன்றால் வகுத்து ஒன்றரையால் பெருக்கினால் 200 கிலோ, அந்த வகுப்பு. பூச்சு ஜிங்க்கே போதும். உறை பாலியெஸ்டர் பி.யூ., ஈரப் பக்கத்தில் உதிர்ந்த அதே சாதி! உலர்ந்த இடத்தில் அதுதான் நன்றாக உழைக்கும். நைலான் வீலும் போட்டுப் பார்த்தோம். லேசாக உருண்டது, ஆனால் சத்தம் காதைப் பிளந்தது, தரை ஓட்டின் மூலைகள் சில்லு பெயர்ந்தன. கழற்றிவிட்டோம்.

நார் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. சிஃப்டிங் ஹாலில் பறக்கும் தேயிலை நார் தலைமுடி மாதிரி. அச்சுக்கும் கவட்டுக்கும் நடுவே நுழைந்து கயிறு திரிக்கும். இரண்டு பக்கமும் மூடி வைத்த உருளை, 2ஆர்எஸ் (இரண்டு பக்கமும் ரப்பர் சீல்) போட்ட 6204 பேரிங், உள்ளே உணவுத் தொழிற்சாலைக்கான கிரீஸ் என்று வாங்கியதில் பேரிங்குக்குள் போவது நின்றது. மூடிக்கு வெளியே சுற்றுவது நிற்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பெருக்கும் அக்கா பழைய கொக்கிக் கத்தியால் அறுத்து எடுக்கிறார், வண்டிக்கு இரண்டு நிமிடம்.

மாட்டின பிறகு

மாட்டும்போது ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன்: வெல்டிங் கூடாது, போல்ட்தான். பழைய சக்கரங்களைத் தகட்டோடு சேர்த்து வெல்டிங் வைத்திருந்தார்கள். அந்தச் சூட்டில் தலைக்குள் இருக்கும் கிரீஸ் எரிந்து, பூச்சும் போய், மாட்டும் நாளிலேயே பாதி உயிர் போயிருக்கும். புதுத் தகட்டின் துளை பழைய டிராலிக்குப் பொருந்தவில்லை என்பதால் நடுவே ஒரு தகடு வைத்துத் துளையிட்டோம். ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. கோடு உடைந்து தெரிந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. ஸ்பேனர் எடுக்க வேண்டாம், குனிந்து பார்த்தால் போதும்.

மார்ச் கடைசியில் எல்லாம் மாட்டி முடித்தோம். ஏப்ரல், மே, ஜூன் சீசனும், அப்புறம் மழைக்குப் பிந்தின சீசனும் ஓடி முடிந்தன. ஈரப் பக்கத்து 56 சக்கரத்தில் மூன்றுதான் மாற்றினோம். அதில் ஒன்று லாரி பின்னால் வந்து ஏறியது, அதைச் சக்கரத்தின் கணக்கில் எழுத முடியாது. மற்ற இரண்டிலும் தலையில் ஆட்டம். ஏன் அந்த இரண்டு மட்டும் என்று நவம்பர் வரை புரியவில்லை.

நவம்பரில் ஒரு நாள் மத்தியானம் ஆபீஸில் இலைக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். 'டங்.' எட்டு மாதமாகக் கேட்காத சத்தம். எழுந்து போனேன். வடிகாலின் சுவரோரத்து முனையில் பட்டையின் வெல்டிங் விட்டு, தகடு ஒரு பக்கம் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. கடைசி இரண்டு டிராலியும் சுவரை ஒட்டித்தான் போகும். தள்ளிக்கொண்டு வந்த அக்கா வடிகாலுக்கு ஐந்தாறு அடி முன்னாலேயே நின்று என்னைப் பார்த்தார்.

"ஓடட்டுமா, நிக்கட்டுமா சார்?"

நிற்கச் சொல்லிவிட்டு, வெல்டிங் செட்டை எடுத்துவரத் தம்பியை அனுப்பினேன்.